ஓடுகிற மடிக்கணினியை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

கேள்வி: 2016இல் வாங்கிய மடிக்கணினி. நினைவகம் 8 ஜிபி, விண்டோஸ் 10. "இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்குங்கள், இல்லையென்றால் எப்படியாவது ஏற்றித் தருகிறேன்" என்கிறார் பழுதுபார்ப்பவர். நண்பர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கு பார்ப்பது, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் 10க்குத்தான் காலம் முடிந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கான பொது ஆதரவை நிறுத்தியது. பதிந்துகொள்ளும் தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11 உங்களிடம் ஏற மறுப்பதற்கு வேகக் குறைவு காரணம் அல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறை வந்தது 2017இல். நீங்கள் ஓராண்டு முந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் ஏராளமான கணினிகளை ஒரே விதியால் ஓரங்கட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் சொன்ன வேலைகளுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். லினக்ஸில் பல வகைகள் உண்டு. எது என்று கேட்டால், லினக்ஸ் மின்ட், சினமன் பதிப்பு. விண்டோஸில் பழகிய கைக்கு அதில் பட்டியும் பொத்தானும் தேட வேண்டியிருக்காது. இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸும் கடிதம் எழுத லிப்ரேஆஃபீஸும் உடன் வரும். மின்ட்டின் 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஃபெடோரா, ஆர்ச், டெபியன் என்று மற்ற லினக்ஸ் வகைகளைச் சொல்லி நண்பர்கள் வாதாடுவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பயனர் கேட்பது ஒன்று, இவர்கள் சண்டையிடுவது வேறொன்று. புதிதாக வருபவர்களை மிரண்டு ஓட வைப்பது லினக்ஸ் அல்ல, இந்தச் சண்டைதான்.

இனி உங்கள் பழுதுபார்ப்பவர். "எப்படியாவது ஏற்றித் தருகிறேன்" என்றால், கணினி தகுதியானதா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி ஏற்றுவார் என்று பொருள். அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. சிலர் உரிமம் வாங்காமல், அதை வாங்கியதுபோல் காட்டும் கள்ள நிரலையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். அதில் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தக் கணினியிலா வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவீர்கள்? லினக்ஸ் மின்ட்டுக்கு "உரிமக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது இலவசம். நிறுவித் தரும் உழைப்புக்குக் கூலி கேட்டால் அது நியாயம்.

யாரோ தரும் பென்டிரைவிலிருந்தும் நிறுவாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலேயே ஊடுருவி, பதிவிறக்க இணைப்பைக் கள்ளக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். மூலத்திலேயே அப்படி நடந்திருக்கிறது என்றால், கைமாறி வரும் பென்டிரைவை எதை வைத்து நம்புவது? அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள். கோப்பு மாற்றப்படாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடும் வழி அங்கேயே இருக்கிறது.

இறக்கியதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். எதையும் நிறுவாமல் ஒரு மாலை முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று பாருங்கள். தமிழ்99 தட்டச்சும் கிடைக்கும்.

ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சில மடிக்கணினிகளில் விண்டோஸ் உங்களைக் கேட்காமலேயே வன்தட்டைப் பூட்டி வைத்திருக்கும். பிட்லாக்கர் என்பார்கள், அமைப்புகளில் "சாதனக் குறியாக்கம்" என்ற பெயரிலும் இருக்கும். பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்காகத் தொடக்க அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் திறக்காமல் போகலாம். நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்தத் திரையின் முன் கைபிசைந்து நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் உள்ளே. எண் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதில் நுழைந்து, எண்ணைத் தாளில் எழுதி, இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால் முதலில் அதை மீட்டெடுங்கள். குறியாக்கம் இல்லை என்று அமைப்புகளில் தெரிந்தால் இந்தக் கவலை இல்லை. இவ்வளவு பெரிய பூட்டைப் போடுகிறவர்கள் அதைப் பெரிய எழுத்தில் சொல்லக் கூடாதா?

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதாக இருந்தால், படங்களையும் கடிதங்களையும் வெளி வன்தட்டில் படியெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து, அதைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள்.