ஹுவே மழையில் மாட்டிக்கொண்ட நண்பருக்கு

மூணு நாளா நடு வியட்நாம்ல, ஹுவேயில அறைக்குள்ளயே முடங்கிக் கிடக்கேன், நாளைக்கு ஹோய் ஆன் போறதா, இல்ல ஊருக்கே திரும்பிடறதான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேண்டாம், வடக்கே போங்க.

வியட்நாம் ஒல்லியா நீண்ட நாடு. மழை எல்லா இடத்துலயும் ஒரே சமயத்துல பெய்யாது. வடகிழக்குப் பருவக்காற்று கடல் ஈரத்தோட வந்து மலைத்தொடர்ல மோதுறதால, செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரை நடுப்பகுதிதான் ஊறும். ஹோய் ஆனும் அதே மழைக்குள்ளதான் இருக்கு. போதாததுக்கு, அங்க ஆறு பெருகினா பழைய நகரத் தெருவுல படகு ஓடும். நவம்பர்ல வடக்குல இருக்கிற ஹனோய், நின் பின் பக்கம் பெரும்பாலும் காய்ஞ்சு, இதமா இருக்கும்.

ரயில்தான் என் தேர்வு. ஆனா வெள்ளத்துல தண்டவாளமும் மூழ்கும், அதனால கிளம்புற அன்னைக்குக் காலையில ஸ்டேஷன்ல நேர்ல விசாரிங்க. வாடகை பைக்கை எடுத்துக்கிட்டு, ஹோய் ஆன் போற வழியில இருக்கிற ஹாய் வான் மலைக் கணவாய் ஏறுற யோசனையை மட்டும் விட்டுடுங்க. மூடுபனி, மண்சரிவு.

வெள்ளத் தண்ணில இறங்காதீங்க, முக்கியமா கால்ல புண் இருந்தா. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொத்தும். இறங்க வேண்டி வந்து, அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா, வெள்ளத்துல நடந்ததை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

அப்புறம், முதுகுல மாட்டுற பை மேல போடுற மழை உறையை நம்பாதீங்க. முதுகுப் பக்கமா தண்ணி இறங்கிடும். என் பாஸ்போர்ட் முத்திரையெல்லாம் அப்படித்தான் நீலக் கறையாச்சு! உள்ள ஒரு பெரிய குப்பைப் பையை விரிச்சு, அதுக்குள்ள எல்லாத்தையும் அடுக்குங்க.