நப்பிக் கூடை எது வாங்கலாம்? கொழும்புத் தாய்மாரின் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே குழந்தைச் சாமான்கள் தைத்துக் கொடுப்பது என் தொழில். நப்பி, வைப்ஸ், கிரீம், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போகிற கூடையைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். ஒன்லைன் கடைகளில் டயப்பர் கேடி என்று போட்டிருப்பார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனை பொக்கற் இருக்கிறது என்று எண்ணி வாங்காதீர்கள். ஒரு கை பிள்ளையின் மேல் இருக்க, மற்றக் கைக்கு எல்லாம் எட்டுமா? அழுக்குப்பட்டால் கழுவிக் காயவைக்க முடியுமா? இந்த இரண்டும் சரியென்றால் அது நல்ல கூடை.

கொட்டாஞ்சேனையிலிருந்து, எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர்: அக்கா, ஃபெல்ட், கன்வஸ், பிளாஸ்டிக் என்று பலதும் இருக்கிறது. கடைக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தங்கச்சி, கூடையை எடுத்ததும் உள்ளே கையை விட்டு அடித்தட்டை அழுத்திப் பாருங்கள். மலிவான கூடைகள் பலவற்றில் அடியில் மட்டை வைத்துத்தான் தைத்திருப்பார்கள். ஒரு தரம் கழுவினால் மட்டை ஊறி வளைந்துவிடும், பிறகு கூடை நிமிர்ந்து நிற்காது. அடித்தட்டு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுவும்போது வெளியே இழுத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அடுத்தது கைபிடி. விளிம்பில் மட்டும் ஒட்டினாற்போல் தைத்த கைபிடி என்றால் விட்டுவிடுங்கள். பட்டி கூடையின் பக்கத்தில் கீழே வரை இறங்கி, அதன் முனையில் சதுரமாகவும் சதுரத்துக்குள் குறுக்காகவும் தையல் ஓடியிருக்க வேண்டும். பெரிய வைப்ஸ் பக்கற் ஒன்றே ஏறக்குறைய அரைக் கிலோ வரும். தண்ணீர்ப் போத்தல், கிரீம், நப்பி எல்லாம் சேரும்போது பாரம் முழுவதும் அந்தத் தையலில்தான் தொங்கும்.

துணியைப் பொறுத்தவரை நான் கன்வஸைத்தான் சொல்வேன், உள்ளே துடைக்கக்கூடிய லைனிங் வைத்தது. ஃபெல்ட் என்று விற்பது பெரும்பாலும் பொலியெஸ்டர். படத்தில் வடிவாக இருக்கும். ஆனால் மெல்லிய ஃபெல்ட் நிறைய வைத்ததும் பக்கத்துக்குச் சரியும், கிரீம் பட்டால் இழைக்குள் இறங்கிவிடும். ரெக்சின் துடைக்க லேசு, நாளடைவில் மடிப்புகளில் வெடித்து உரியும். உள்நிறம் வெளிர்நிறமாக இருக்கட்டும். அழுக்கு தெரிந்தால்தானே கழுவுவோம்?

உள் தடுப்புகள் கழற்றக்கூடியவையாக இருப்பது நல்லது. வெல்குரோ தடுப்பு துணி நப்பியின் நூலைப் பிடித்து இழுக்கும், அதையும் யோசியுங்கள். மூடியுள்ள கூடை வேண்டாம். நடுச்சாமத்தில் ஒரு கையால் மூடி திறப்பது கரைச்சல், மூடி வைத்தால் உள்ளே காற்றும் போகாது. அளவு 35 முதல் 40 சென்ரிமீற்றர் நீளம், 25 அகலம், 18 உயரம் என்ற கணக்கில் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் வீட்டுச் சாமான் எல்லாம் அதற்குள் வந்து சேரும், தூக்க முடியாமல் ஒரே இடத்தில் கிடக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய்: லண்டனிலிருந்து மச்சாள் அனுப்பிய ஃபெல்ட் கூடை. ஒரு மாதத்திலேயே புளித்த மணம் வருகிறது. கழுவினால் போகுமா?

பதில்: அது பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதன் மணம். கூடை அங்கே இருக்கும்வரை ஒரு குறையும் இருந்திருக்காது. கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரம், அதிலும் சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழை பிடித்தால் அலுமாரிக்குள் இருக்கிற சட்டையே மணக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தடுப்புகளைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, முறுக்காமல் அமத்திக் கழுவுங்கள். பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடித்தையல் ஈரமாக இருக்கும், அதனால் அடுத்த நாளும் வெயிலில் வைத்துவிட்டே உள்ளே எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் இழைக்குள் இறங்கியிருந்தால் அந்தக் கூடையில் பிள்ளையின் துணி வைக்க வேண்டாம். மச்சாள் கோபிக்க மாட்டா, விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கலாம்.

மணம் திரும்ப வராமலிருக்க, வைப்ஸ் பக்கற்றின் ஒட்டுமூடியை ஒவ்வொரு முறையும் அமத்தி மூடுங்கள். திறந்து கிடக்கிற பக்கற்தான் கூடைக்குள் ஈரத்தைக் கொண்டுவருகிறது. பாவித்த துணி நப்பியை ஒரு நிமிடத்துக்கென்றும் கூடைக்குள் போடக்கூடாது, அதற்கு வாளி வேறு.

தெஹிவளையிலிருந்து ஒரு அம்மம்மா: பிள்ளை, மகளுக்கு அடுத்த மாதம் நாள். பிறக்க முன்னம் குழந்தைச் சாமான் வாங்கக்கூடாது என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். மகளோ இப்பவே வேணும் என்கிறாள்.

பதில்: அம்மா, இரண்டு பேர் மனமும் நோகாமல் செய்யலாம். கூடை குழந்தைச் சாமான் இல்லைத்தானே? வெறும் கூடையை வீட்டுப் பாவனைக்கென்று இப்போதே வாங்கிக் கழுவிக் காயவைத்து விடுங்கள். எப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலை கிளினிக்கில் தருவார்கள், அதை வாங்குவதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையில் மிஞ்சியதை எடுத்துக் கூடையில் அடுக்கினால் வேலை முடிந்தது. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வருகிறவர்களும் நப்பியும் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள், ஆகவே அதிகம் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

மருதானையிலிருந்து, ஒரு கிழமைக் குழந்தையின் உம்மா: தாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), கூடைக்குள் என்னென்ன வைக்க வேணும்? எவ்வளவு?

பதில்: தங்கச்சி, ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள். பிறந்த பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தரம் மாற்ற வேண்டிவரும். அதனால் தினமும் காலையில் 10 நப்பி எண்ணி வையுங்கள், மிச்சம் அலுமாரியில் இருக்கட்டும். எண்ணி வைப்பதில் இன்னொரு பெரிய பிரயோசனம் இருக்கிறது. ஐந்தாறு நாள் கடந்த பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 6 தரமாவது நன்றாக நனைத்தால் பால் போதுமாக இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து கேட்கும்போது தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் கணக்கு ஞாபகம் வராது. கூடையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று பார்த்தால் ஏறக்குறையத் தெரிந்துவிடும். திடீரென்று குறைவாக நனைக்கிறது, பிள்ளை சோர்ந்தும் இருக்கிறது என்றால் அவர் வரும்வரை காத்திருக்காமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

அதோடு பஞ்சு, மூடியுள்ள சிறு போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் (தினமும் மாற்ற வேண்டும்), சிங்க் ஒக்சைட் கிரீம், இரண்டு சட்டை, இரண்டு சின்னத் துவாய், சுருட்டி வைத்த றப்பர் சீற். றப்பர் சீற்றில் பிள்ளையை நேரே கிடத்தாமல் மேலே ஒரு துணி விரியுங்கள், வேர்க்கும். முதல் சில கிழமைகளுக்கு வைப்ஸைவிடப் பஞ்சும் தண்ணீரும் தோலுக்கு நல்லது. வைப்ஸ் பாவித்தால் வாசனையும் அல்கஹோலும் இல்லாததாக எடுங்கள். பெண்பிள்ளை என்றால் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். தொப்புள் கொடி விழும்வரை நப்பியின் முன்விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள்.

கிளினிக் புத்தகத்தைக் கூடையில் வைக்காதீர்கள். தண்ணீர் பட்டு ஊசிப் பதிவு அழிந்தால் பெரிய அலைச்சல்.

அதே தாய் மறுபடியும்: பவுடரும் பேபி கொலோனும் சொல்லவில்லையே? மாமி கட்டாயம் வைக்கச் சொல்கிறா.

பதில்: இரண்டும் வேண்டாம். பவுடரின் தூசி பிள்ளையின் மூச்சுக்குள் போகும், அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை. ஜோன்சன் அண்ட் ஜோன்சன் நிறுவனமே டால்க் கலந்த பேபி பவுடரை 2023இல் உலகம் முழுவதும் நிறுத்திச் சோள மாவுக்கு மாறியது. சோள மாவுப் பவுடரும் தூசிதான். மடிப்புகளில் ஈரம் நிற்காமல் துவாயால் ஒற்றி, சில நிமிடம் காற்றுப்பட விட்டால் பவுடர் தேவைப்படாது. மாமி ஆசைப்பட்டால் கொலோனைத் தன் சேலைத்தலைப்பில் தடவிக்கொண்டு பிள்ளையைத் தூக்கட்டும், கொஞ்சமாக.

வத்தளையிலிருந்து ஒரு தகப்பன்: அக்கா, இரவில் நான்தான் மாற்றுகிறேன். வைஃபை எழுப்பாமல் செய்ய வேண்டும். ஆனால் எதையாவது தேடிக்கொண்டு நிற்கிறேன்.

பதில்: தம்பி, எடுக்கிற ஒழுங்கிலேயே அடுக்கி வையுங்கள். உங்களுக்குக் கிட்ட இருக்கிற பக்கத்தில் விரிப்பு, அடுத்துப் பஞ்சு, நடுவில் நப்பி, கடைசியில் கிரீமும் சட்டையும். பகலில் யார் பாவித்தாலும் அதே இடத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒழுங்கு ஒரு நாளும் நிலைக்காது. பொக்கற் அதிகமுள்ள கூடை இந்த இடத்தில்தான் ஆளைக் கைவிடும்: இருட்டில் எந்தப் பொக்கற்றில் என்ன என்று தெரியாது. மூன்று அகலமான அறைகள் போதும். மஞ்சள் வெளிச்சம் தருகிற சின்ன டோர்ச் ஒன்றும் இருக்கட்டும், கரண்ட் போனாலும் உதவும். புதிய நப்பியை விரித்து வைத்த பிறகுதான் பழையதைக் கழற்றுங்கள். ஏதாவது மறந்துவிட்டால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே போய் எடுங்கள். கட்டிலிலோ மேசையிலோ ஒரு நொடிகூடத் தனியே விடக்கூடாது, பிரளத் தெரியாத பிள்ளையும் உதைத்து நகரும்.

மட்டக்குளியிலிருந்து ஒரு தாய்: இந்தக் கூடைக்கெல்லாம் காசு ஒதுக்க முடியாது. நப்பி வாங்குவதே கஷ்டம். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நல்ல வழி. புறக்கோட்டைத் தெருக்களில் விற்கிற, பக்கமெல்லாம் துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்குங்கள். துளையால் காற்று போய்வரும், பைப்புக்குக் கீழே பிடித்துக் கழுவலாம், பத்து நிமிடத்தில் காயும். நம் காலநிலைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. துணிக்கூடை தைத்து விற்கிற நான் இதை மனமாரச் சொல்கிறேன். உள் அறைகளுக்கு ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாக்களை மூடி இல்லாமல் நிற்க வையுங்கள். பால்மா டின் வேண்டாம், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். கூடையின் துளை விளிம்புகளில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பகலில் துணி நப்பியும் இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பெம்பர்ஸும் என்று வைத்துக்கொண்டால் செலவும் நன்றாகக் குறையும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: கூடைக்குள் எறும்பு!

பதில்: பால் போத்தலோ கிரைப் வோட்டரோ சூப்பியோ உள்ளே இருக்கும். இந்தக் கூடையில் வாய்க்குப் போகிற எதையும் வைக்கக்கூடாது, எறும்புக்காக மட்டுமல்ல, சுத்தத்துக்காகவும். எறும்புப் பவுடரோ சோக்கோ கூடைக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

நுகேகொடையிலிருந்து ஒருவர்: சில்லு வைத்த மூன்று தட்டு டிரொலி நல்லதா?

பதில்: இரட்டைப் பிள்ளைகள் என்றால் நல்லது. தொடர்மாடியில் ஒரே சமதளம் என்றாலும் சரி. வாசற்படி உள்ள வீட்டில் ஒவ்வொரு படியிலும் தூக்க வேண்டிவரும். தவழத் தொடங்கிய பிள்ளை அதைப் பிடித்து எழும்பினால் உருண்டுபோகும், ஆகவே பூட்டுகிற சில்லா என்று பாருங்கள்.

கிரான்ட்பாஸிலிருந்து ஒரு தாய்: மூன்று மாதப் பிள்ளையோடு ரயிலில் யாழ்ப்பாணம் போகிறோம். இதே கூடையைக் கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். திறந்த கூடை ரயிலில் கவிழ்ந்தால் எல்லாம் நிலத்தில். கூடைக்குள் எப்போதும் ஒரு சிப் பையை வைத்திருங்கள்: மூன்று நப்பி, சின்ன வைப்ஸ் பக்கற், மடித்த விரிப்பு, ஒரு சட்டை. கிளினிக்குக்கோ கடைக்கோ போகும்போது அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போகலாம். யாழ்ப்பாணம் என்றால் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும், தாமதமும் ஆகலாம், எனவே நப்பி 7 அல்லது 8, சட்டை மூன்று. பாவித்ததைச் சுற்றி வைக்கப் பழைய பத்திரிகைத் தாளும் ஒரு பையும் கொண்டுபோங்கள். ரயில் மலசலகூடத்துக்குள் மாற்ற முயலாதீர்கள். ஆசனத்தில் விரிப்பைப் போட்டு, கூட வருகிறவரை ஓரத்தில் நிற்கச் சொல்லி மாற்றுங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மோதரையிலிருந்து ஒரு தாய்: மூத்தவளுக்கு மூன்று வயது. கூடையிலுள்ள எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறாள்.

பதில்: முதலில் ஆபத்தானதை எடுத்துவிடுங்கள். சேப்டி பின், கைக்குப் பூசுகிற சானிடைசர், பட்டன் பற்றரி போடுகிற டோர்ச், மெல்லிய பிளாஸ்டிக் பைகள். இந்தப் பைகளைப் பலர் கவனிப்பதில்லை. மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டால் மூச்சு அடைக்கும், தொட்டில் பக்கமும் இருக்கக்கூடாது. மிச்சமிருக்கிற பஞ்சையும் நப்பியையும் அவள் இழுத்தால் இழுக்கட்டும். மாற்றும் நேரத்தில் நப்பி எடுத்துத் தருகிற வேலையை அவளுக்கே கொடுங்கள். தங்கச்சிப் பாப்பாவுக்குத் தான் தேவை என்று தெரிந்தால் அவளுக்கும் சந்தோஷம்.

கல்கிசையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஐந்து மாதம், பிரள ஆரம்பித்துவிட்டான். கட்டிலில் மாற்றவே முடியவில்லை.

பதில்: இனி நிலத்தில்தான். பாயை விரித்து, மேலே றப்பர் சீற், அதற்கு மேலே துணி. கையில் ஒரு விளையாட்டுச் சாமானைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கூடையை அவன் கால்பக்கம் வைத்தால் உதைத்துக் கவிழ்ப்பான், தலைப்பக்கம் வைத்தால் எட்டிப் பிடித்துக் கிரீமை வாயில் வைப்பான். உங்கள் வலது முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது பக்கம்.