தடைக்காலத்தில் படகுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் கண்மாயில் தூண்டில் போட்டுப் பழகிவிட்டு, கடலிலும் மீன் பிடிக்க வேண்டும் என்று ஒரே அடம். ‘முதல்முறை தூண்டில் பிடிப்பவர்களுக்கு விசைப்படகில் நான்கு மணி நேரம், உங்களுக்கு மட்டும் தனிப் படகு’ என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஏப்ரல் 26-ஆம் தேதிக்கு 8,000 ரூபாய் ஜிபே செய்தோம். விடியற்காலையில் வேனில் போய் இறங்கினால், ‘தடைக்காலம், விசைப்படகு எடுக்க முடியாது, வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், போகலாம்’ என்றார் படகுக்காரர். ஏழு பேருக்கு இரண்டே லைஃப் ஜாக்கெட். ஏறாமல் திரும்பிவிட்டோம். ‘வரமாட்டேன் என்றது நீங்கள்தானே, முன்பணம் திருப்பித் தரப்படாது என்று போட்டிருக்கிறேனே’ என்கிறார். பணத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடவேண்டாம் ஆச்சி. தவறு உங்கள் பக்கம் இல்லை.

அவர் தடைக்காலத்தைத் திடீரென்று வந்த புயல் மாதிரிச் சொல்கிறார். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஆண்டுதோறும் வருகிற தடை இது. கரையில் தொழில் செய்கிறவருக்கு இது பொங்கல், தீபாவளி போலத் தெரிந்த தேதி. ஏப்ரல் 26-க்கு விசைப்படகு என்று பணம் வாங்கும்போதே அது நடக்காது என்று அவர் அறிந்திருக்க வேண்டும்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. செய்ய முடியாதது அல்லது சட்டவிரோதமானது என்று தெரிந்தோ, கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ ஒருவர் வாக்குக் கொடுத்தால், அது தெரியாமல் நம்பியவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அவர் ஈடுகட்ட வேண்டும். ஆகவே 8,000 ரூபாயோடு வேன் வாடகையையும் கேட்கலாம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். பணம் கட்டும்போதே உங்கள் வீட்டில் யாருக்காவது தடைக்காலம் தெரியுமா? தெரிந்திருந்து ‘எப்படியாவது கூட்டிப்போவார்’ என்று கட்டியிருந்தால் வழக்கு மிகவும் பலவீனமாகிவிடும். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் தோண்டும்.

‘திருப்பித் தரப்படாது’ என்ற வரி, நீங்களாக மனம் மாறி ரத்து செய்தால்தான் பேசும். சொன்ன படகைத் தராதவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. வல்லம் மாற்று ஏற்பாடு என்றால், அதை ஏற்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் கடலுக்கே புதிய பிள்ளைகளை லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றுவது வேறு விஷயம். உயிருக்கு ஆபத்தான நிலையிலோ, அளவுக்கு மீறிய பாரத்தோடோ இருக்கும் படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவது, குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் ஏறாததால் குற்றம் நடக்கவில்லை, போலீஸுக்குப் போகவும் தேவையில்லை. ஆனால் நீங்கள் மறுத்தது நியாயம் என்று காட்ட அந்தப் பிரிவு உதவும். இரண்டு ஜாக்கெட்டைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கரையேற்றினீர்களே, அதைவிடச் சரியான முடிவு இருந்திருக்க முடியாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், கட்டணம் கிடையாது. கூடவே, 15 நாளில் பணத்தைத் தரச் சொல்லி ஒப்புகையுடன் தபாலில் ஒரு நோட்டீஸ். அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். அதற்காகக் கடற்கரை ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். கெடு இரண்டு ஆண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாக இழுக்கும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்காதீர்கள். நியாயமான தொகையைக் கேட்டால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

அந்த விளம்பரத்தையும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனையே மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள். ஜிபே பரிவர்த்தனை எண்ணை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அவர் பில் தரவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள், கேட்டும் பில் தராதது தனியாக ஒரு முறையற்ற வணிக நடைமுறை. வேன்காரரிடம் தேதி, கிலோமீட்டர், தொகை போட்டு ஒரு ரசீது இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.