லவோதிக்கேயாவுக்கு ஒரு முழு நாள்

அன்புள்ள ஐயா,

துருக்கியில் இஸ்மிர் நகருக்கு ஒரு செமஸ்டர் படிக்க வந்திருக்கிறேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளும் இந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு சபையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். எபேசுவுக்கும் பெர்கமுவுக்கும் போய்வந்தேன். கிரேக்கக் கோயில்கள், ரோம அரங்குகள், செல்ஃபி கூட்டம். சபை எங்கே? பக்தியும் வரவில்லை. மீதி ஐந்தையும் பார்க்கத்தான் வேண்டுமா? காசும் விடுமுறையும் குறைவு.

ஒரு வாசகி, இஸ்மிர்

*

அன்புள்ள வாசகிக்கு,

மீதி ஐந்தில் ஒன்றில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். அன்றைய சிமிர்னாதான் இன்றைய இஸ்மிர். பஸ்மனே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பழைய சந்தைவெளியான அகோரா இருக்கிறது. ஒரு சாயங்காலம் போதும். ஆக, நான்குதான் பாக்கி.

வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்த ஏழு சபைகளுக்கும் ஆளுக்கொரு கடிதம் வருகிறது. அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட முதல் நூற்றாண்டில் ஆலயக் கட்டடம் என்று எதுவும் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வீடுகளை இன்று அடையாளம் காட்ட ஆளில்லை. ஆனால் நீங்கள் சலித்துக்கொண்ட கோயில்களுக்கும் அரங்குகளுக்கும் நடுவில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். எபேசுவின் அரங்கில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். தெமேத்திரியு என்ற தட்டான் கிளப்பிவிட்ட கூட்டம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் கத்தியது அங்கேதான். அந்தத் தியானாள், அதாவது ஆர்த்தெமிஸ் தேவியின் கோயிலில் இன்று ஒரே ஒரு தூண் நிற்கிறது, அதுவும் பிற்காலத்தில் துண்டுகளை அடுக்கி நிறுத்தியது.

பெர்கமுவில் ஏமாந்தது நியாயம்தான். கிரேக்கக் கடவுள் சேயுஸின் பலிபீடத்தின் சிற்பங்களை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர்கள் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு இருக்கிறதென்றால் லவோதிக்கேயாவுக்குப் போங்கள். பஸ்மனேயிலிருந்து தெனிஸ்லிக்கு ரயில் உண்டு, அப்புறம் பமுக்காலே போகும் மினிபஸ். அந்த ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் வரும் "நீ குளிருமல்ல அனலுமல்ல" என்ற வசனத்தை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பீர்கள்! அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம் என்பார்கள். அப்படியானால் "குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்று ஏன் சொல்ல வேண்டும்? அங்கே நின்று வடக்கே பாருங்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று தெரிவது எராப்போலி, இன்றைய பமுக்காலே. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் கொலோசே, அங்கே குளிர்ந்த நீர். நோயாளிக்கு அது, தாகத்துக்கு இது. லவோதிக்கேயாவுக்கோ தண்ணீர் குழாயில் வரவேண்டும். சுண்ணாம்பு படிந்து பாதி அடைத்துப்போன கல்குழாய்களை இன்றும் காணலாம். இரண்டுக்கும் உதவாத வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் கடிதம் குத்திக்காட்டுகிறது என்று பல ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது.

"எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற அந்த ஊரின் பெருமைக்கும் பின்கதை உண்டு. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் விழுந்த நகரத்தை ரோமின் உதவி இல்லாமல் தாங்களே கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

இன்னொரு நாள் கிடைத்தால் சர்தை. ஆர்த்தெமிஸ் கோயிலின் பெரிய தூண்களுக்குப் பக்கத்தில், ஒரு மூலையில், பிற்காலத்தில் கட்டிய குட்டி ஆலயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலையை நிமிர்த்தி மேலே இருக்கும் கோட்டைக் குன்றையும் பாருங்கள். செங்குத்தான பாறை, யாரும் ஏறமாட்டார்கள் என்று காவல் போடாமல் விட்ட பக்கமாக ஏறித்தான் பாரசீக மன்னன் சைரசின் வீரர்கள் ஊரைப் பிடித்தார்கள். சர்தைக்கு எழுதிய கடிதத்தில் "திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்ற வரி அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்!

தியத்தீராவை விட்டுவிடலாம். அது இன்றைய அக்கிசார் ஊர், கடைத்தெருவுக்கு நடுவே வேலி போட்ட ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான்.

பக்தி வரவில்லையே என்று வருந்தாதீர்கள். உச்சிவெயிலில், சுற்றுலாக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு யாருக்கு வரும்?

அம்மாவுக்கான படத்துக்கு வழி இருக்கிறது. சர்தைக்குக் கிழக்கே அலாஷெஹிரில், அதாவது பிலதெல்பியாவில், குடியிருப்புகளுக்கு நடுவே பழைய யோவான் ஆலயத்தின் பிரம்மாண்டமான செங்கல் தூண்கள் நிற்கின்றன. வெளிப்படுத்தலுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவைதான், ஆனால் பார்த்தால் ஆலயம் மாதிரி இருக்கும். அதை முதலில் அனுப்புங்கள். விளக்கத்தை அப்புறம் போனில் சொல்லிக்கொள்ளலாம்.