சாவியை எடுத்தும் அணையாத பகல் விளக்கு: மியாட்டா

உங்கள் 1992 மாஸ்டா மியாட்டா காரில் சாவியை எடுத்த பிறகும் எல்இடி பகல் விளக்கு எரிகிறது, காலையில் பேட்டரி காலி என்கிறீர்கள். விளக்கு மேல் தப்பில்லை, சிவப்பு ஒயரை எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள், அதன் கால்களில் எண் இருக்கும்: 30-க்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக அந்த 12 வோல்ட், 87-இல் விளக்கு, 85 எர்த், 86-ஐ, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸில் கொடுங்கள், அது எது என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள் (நான் ஊகித்து ஒரு ஃபியூஸைப் போக்கியவன்). பேட்டரி டிக்கியில் இருக்கிறதே என்று அங்கிருந்து ஒயர் இழுக்காதீர்கள், எஞ்சின் பக்க ஃபியூஸ் பெட்டியே போதும். அப்புறம், கிட்டில் ஒரு மெல்லிய ஒயர் சும்மா தொங்கினால் அதைப் பார்க்கிங் விளக்கு ஒயரில் சேருங்கள். இல்லாவிட்டால் இரவில் இந்தக் காரின் மடிந்திருக்கும் ஹெட்லைட் மேலே எழும்பி எரிந்த பிறகும் இது முழு வெளிச்சத்தில் எரிந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.