மங்கிய லேசர் போதாதா?

கேள்வி: என் மகள் முனைவர் பட்டத்துக்காக, குவாண்டம் தகவல் தொடர்புக்கு வேண்டிய ஒற்றை ஃபோட்டான் (ஒளித்துகள்) மூலங்களை ஆராய்கிறாள். சாதாரண லேசரையே மிகவும் மங்கச் செய்து, ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக வரவழைக்க முடியாதா? இதற்கு ஐந்தாண்டு ஆராய்ச்சி எதற்கு?
– வாசகி ஒருவர்

பதில்: மங்கிய லேசரைப் பயன்படுத்தும் கருவிகள் உண்டு. ஆனால் ஒளி குறைவது வேறு, ஒவ்வொன்றாக வருவது வேறு. துடிப்புக்கு, அதாவது ஒருமுறை மின்னும் ஒளிக்கு, சராசரியாக 0.1 ஃபோட்டான் என்னும் அளவுக்கு லேசரைக் குறைத்தால், 1,000 துடிப்புகளில் ஏறத்தாழ 905 வெறுமையாகப் போகும். 90 துடிப்புகளில் ஒரு ஃபோட்டான் இருக்கும். மீதி ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த ஐந்துதான் சிக்கல். 1984இல் சார்லஸ் பென்னெட்டும் ஜில் பிராசாரும் முன்வைத்த, செய்திகளை மறைத்தெழுத உதவும் ரகசியச் சாவிப் பரிமாற்ற முறை, இடைமறித்து அளந்தால் ஃபோட்டானின் நிலை குலைந்து களவு வெளிப்பட்டுவிடும் என்பதையே நம்பி நிற்கிறது. ஒரே தகவலைச் சுமந்து இரண்டு ஃபோட்டான்கள் போனால், ஒற்றர் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவார், சுவடே இராது. வெவ்வேறு பிரகாசத்தில் போலித் துடிப்புகளைக் கலந்து இக்களவைக் கண்டுபிடிக்கும் உத்தி உண்டு. ஆயினும் வெற்றுத் துடிப்புகளால் வரும் இழப்பு அதனால் தீர்வதில்லை.

லேசர் தூறலைப் போன்றது. எவ்வளவு மெலிந்தாலும் இரு துளிகள் சேர்ந்து விழக்கூடும். தனி அணுவோ, அணுவைப் போல் நடந்துகொள்ளும் குவாண்டம் புள்ளி என்னும் நுண்ணிய குறைக்கடத்தித் துகளோ சொட்டும் குழாயைப் போன்றது. ஒரு ஃபோட்டானை உமிழ்ந்தபின் மீண்டும் ஆற்றலூட்டினால்தான் அடுத்ததைத் தரும்.

இதைச் சோதிக்கும் வரைபடத்தை மகளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒளியை இரு வழிகளாகப் பிரிக்கும் கற்றை பிரிப்பானில் விட்டு, இரு புறமும் ஒவ்வோர் உணரியை வைத்து, இரண்டிலும் ஃபோட்டான் பதிவாகும் நேர இடைவெளிகளைக் குறித்துக்கொண்டே போவார்கள். ஒரே ஃபோட்டான் இரு பக்கமும் போக முடியாதாகையால், வரிசையாக எழும் முகடுகளுக்கு நடுவே, இடைவெளி சுழியமாக உள்ள இடத்தில் மட்டும் முகடு இராது. இந்த ஆய்வில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த முகடில்லா இடத்தைப் பெறுவதோடு வேலை முடிவதில்லை. குவாண்டம் புள்ளியைப் பெரும்பாலும் ஏறத்தாழ -269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்க வேண்டும். பிறந்த ஃபோட்டான்களில் பெரும்பகுதி படிகத்துக்குள்ளேயே சிறைப்படும். நன்கு பழகிய புள்ளிகள் 900 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிர, ஒளியைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழையிலோ 1,550 நானோமீட்டரில்தான் இழப்பு மிகக் குறைவு. வைரப் படிகத்தில் நைட்ரஜன் அணு புகுந்ததால் உண்டான பிழையிடங்கள் அறை வெப்பத்திலேயே ஒற்றை ஃபோட்டான் தரும். ஆனால் அவற்றின் ஒளியில் மிகச் சிறு பங்கே ஒரே நிறத்தில் கூர்மையாக வரும். இவற்றில் ஒன்றைச் சீராக்கவே ஐந்தாண்டு பிடிக்கும்.