ஏரி சூடு தணியும் காலம்: வாசகர் கேள்வி – பதில்

ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலும் அதன் அயலிலும் வாழும் வாசகர்கள், இலையுதிர்காலத் தொடக்கத்து வானிலை பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். செப்டெம்பர் தொடக்கம் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரையான ஆறு வாரங்களையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் மார்க்கத்தில் இருக்கிறேன். என் அக்கா மிசிசாகாவில், போர்ட் கிரெடிட் கரையோர அடுக்குமாடியில் இருக்கிறார். சென்ற செப்டெம்பர் கடைசியில் ஒருநாள் இரவு பேசும்போது, அவர் பால்கனியில் சால்வைகூட இல்லாமல் அமர்ந்திருந்தார். எனக்கோ முற்றத்தில் நிற்க முடியவில்லை. எங்களுக்கு இடையே அரைமணி நேரக் கார்ப் பயணம்தான். ஏன் இந்த வித்தியாசம்? (மார்க்கம் வாசகி)

பதில்: உங்கள் அக்காவின் பால்கனிக்கு முன்னால் இருப்பது ஏரி; உங்கள் முற்றத்துக்கு முன்னால் இருப்பது வெறும் நிலம். இந்தப் பருவத்தின் மற்றக் கேள்விகளில் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை அன்றிரவே இழந்துவிடும். நீர் அப்படியல்ல. ஒரு கனமீற்றர் நீர் ஒரு பாகை குளிரும்போது வெளிவிடும் வெப்பம், ஏறத்தாழ 3,500 கனமீற்றர் காற்றை ஒரு பாகை சூடாக்கப் போதுமானது. ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், மிகக்கூடிய ஆழம் 244 மீற்றர். இத்தனை நீரின் மேற்படை மே மாதத்திலிருந்து சிறுகச் சிறுகச் சூடேறி, ஓகஸ்ட் மாதத்திலோ செப்டெம்பர் முதல் நாட்களிலோதான் உச்சத்தை அடைகிறது. அப்போது மேற்பரப்பு நீர் 20 பாகை செல்சியசைத் தாண்டி நிற்கும். ஆகவே நாட்காட்டியில் இலையுதிர்காலம் பிறக்கும் வேளையில் ஏரிக்கு இன்னும் கோடைதான். அந்த வெப்பத்தை அது ஒக்டோபர், நவம்பர் வரை கரையோரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கிடையில் பகல் விரைவாகச் சுருங்குகிறது. ரொறன்ரோவில் செப்டெம்பர் முதலாம் திகதி மாலை 7.50 அளவில் மறையும் சூரியன், 30ஆம் திகதி 7 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பகலை இழக்கிறோம். நீண்ட இரவில் முகிலும் காற்றும் இல்லாவிட்டால் உள்நாட்டு நிலம் வெகுவாகக் குளிரும். அத்தகைய இரவுகளில் ஏரிக்கரைக்கும் மார்க்கம், ஸ்டௌவில் போன்ற வடக்கு ஊர்களுக்கும் இடையே ஐந்து, ஆறு பாகை வித்தியாசம் காணப்படுவது வழமை. வசந்தகாலத்தில் இது தலைகீழாகும். ஏப்பிரல், மே மாதங்களில் உங்கள் அக்கா நடுங்கும்போது நீங்கள் முற்றத்தில் அமர்ந்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கைப்பேசியில் நகரத்தின் பெயரைப் போட்டால் வருகின்ற வெப்பநிலை பெரும்பாலும் விமானநிலையத்தில் அளந்ததாகவே இருக்கும். அது அக்காவின் பால்கனியும் அன்று, உங்கள் முற்றமும் அன்று.

கேள்வி: கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய் எல்லாம் சாடிகளில் வெளியே நிற்கின்றன. பாகல் கொடி வேலியில் இன்னும் காய்க்கிறது. எப்போது உள்ளே எடுக்க வேண்டும்? போன வருடம் ஒரே இரவில் எல்லாம் கருகிப் போயின. வானொலியில் 3 பாகை என்றுதான் சொன்னார்கள், உறைபனி என்று சொல்லவில்லையே! (ஸ்காபரோ வாசகர்)

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. விதையிலிருந்து வளர்த்த ஒரு முருங்கைக் கன்றை நானும் இப்படித்தான் ஓர் இரவில் இழந்தேன். காலையில் பார்த்தபோது இலைகள் பச்சை மாறாமலே, வெந்நீரில் அமிழ்த்தி எடுத்தவை போலத் துவண்டு கிடந்தன, மதியத்துக்குள் கறுத்துவிட்டன.

அதன் பிறகு பின்முற்றத்தில் இரண்டு வெப்பமானிகளை வைத்தேன். ஒன்று நெஞ்சளவு உயரத்தில், மற்றது புல்லை ஒட்டி. தெளிந்த, காற்றற்ற இரவுகளில் மேலே உள்ளது 3 பாகை காட்டும்போது கீழே உள்ளது பூச்சியத்தைத் தொட்டிருப்பதைப் பலமுறை கண்டேன். காரணம் எளியது. வானிலை நிலையங்கள் வெப்பநிலையை நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், நிழற்பெட்டிக்குள் அளக்கின்றன. நிலமும் இலையும் தம் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழப்பதால், சுற்றியுள்ள காற்றைவிட அவை குளிர்ந்துவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. நீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஸ்காபரோவில் ரூஜ் ஆற்றையும் ஹைலண்ட் கிரீக்கையும் ஒட்டிய பள்ளங்களுக்கு அருகில் வீடுள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

கறிவேப்பிலையும் முருங்கையும் உறைபனி வரை காத்திருக்கக் கூடியவை அல்ல. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே தொடர்ந்து இறங்கத் தொடங்கியதும் அவற்றை உள்ளே எடுத்துவிட வேண்டும். இந்தப் பகுதியில் அது பெரும்பாலும் செப்டெம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து நன்றாகக் கழுவுங்கள். பூச்சியோடு உள்ளே போன செடி குளிர்காலம் முழுவதும் உங்களை வாட்டும். மிளகாய் இன்னும் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். பாகலை உள்ளே எடுக்க வழியில்லை. உறைபனி வரக்கூடிய முதல் இரவில் பழைய பருத்திச் சேலையையோ படுக்கை விரிப்பையோ மாலையிலேயே, சூரியன் மறைவதற்கு முன், நிலம் வரை தொங்கும்படி போர்த்துங்கள். நிலத்தில் மிஞ்சியுள்ள வெப்பத்தை அது பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் தாள் இலையில் படும் இடமெல்லாம் கருகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் உறைபனி ரொறன்ரோ நகரமையத்தின் கரையோரத்தில் வழமையாக ஒக்டோபர் பிற்பகுதியில்தான் வரும். மார்க்கம் பக்கம் அம்மாத முற்பகுதியிலும், பேரி, ஒரேஞ்வில் போன்ற இடங்களில் செப்டெம்பர் கடைசியிலுமே வந்துவிடலாம். நயாகரா தீபகற்பத்தில் திராட்சையும் பீச் பழமும் விளைவதற்கு இதே ஏரிதான் பெருங்காரணம் என்பதை நினைத்துக்கொண்டால், உங்கள் பாகல் கொடிக்கும் அது எவ்வளவு துணையாக நிற்கிறது என்பது தெரியும்.

கேள்வி: 'இலையுதிர்காலம் வழமையைவிட வெப்பமாக இருக்க 50 வீத வாய்ப்பு' என்று ஓர் அறிக்கையில் படித்தேன். 50 வீதம் என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தானே? இதில் என்ன பயன்? (பிராம்ப்டன் வாசகர்)

பதில்: அப்படியல்ல, ஐயா. நாணயத்துக்கு இரண்டு பக்கம்; இந்தக் கணக்குக்கு மூன்று பக்கம். 1991 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுகளின் இலையுதிர்காலங்களைக் குளிர்ந்ததிலிருந்து வெப்பமானது வரை வரிசைப்படுத்தினால், முதற்பத்து 'வழமையைவிடக் குளிர்', நடுப்பத்து 'வழமை', கடைசிப்பத்து 'வழமையைவிட வெப்பம்' என்று கொள்ளலாம். ஒன்றும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். 50 என்று சொன்னால் தராசு வெப்பத்தின் பக்கம் தெளிவாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஆயினும் மற்ற இரண்டும் சேர்ந்து இன்னொரு 50 வீதத்தை வைத்திருக்கின்றன.

அது மூன்று மாதச் சராசரியைப் பற்றிய பேச்சு என்பதையும் கவனிக்க வேண்டும். சராசரியாக வெப்பமான செப்டெம்பரிலும் பாகலைக் கருக்கும் ஓர் இரவு வரலாம். பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி நீர் வழமையைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா பற்றி நீங்கள் கேட்கவில்லை. பலரும் கேட்பதால் சொல்கிறேன். இந்தப் பேரேரிப் பகுதியில் அவற்றின் தாக்கம் குளிர்காலத்தில்தான் நன்றாகப் புலப்படும், இலையுதிர்காலத் தொடக்கத்தில் மிகவும் மெல்லியது. எனவே பருவகால அறிக்கையை வீட்டை வெப்பமூட்டும் செலவுக்குத் திட்டமிட வைத்துக்கொள்ளுங்கள். திருமண வரவேற்பைத் திறந்த வெளியில் நடத்தலாமா என்பதற்கு மூன்று, நான்கு நாட்களுக்கு முந்திய முன்னறிவிப்பையே நம்புங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் மழை கொட்டுகிறது, இரண்டு தெரு தள்ளி வெயில். ஒக்டோபரில் இப்படி அடிக்கடி நடக்கிறது. சென்ற வருடம் ஏரியின் மேல் வால்போல ஒன்று தொங்கியதையும் பார்த்தோம். அது ரோர்னேடோவா? (செயின்ட் கதரின்ஸ் வாசகி)

பதில்: வடக்கிலிருந்து வருகின்ற முதற் குளிர்காற்று, இன்னும் சூடாக இருக்கும் ஏரியின் மேல் பாயும்போது, அதன் அடிப்பகுதி சூடும் ஈரமும் பெற்று மேலெழுகிறது. எழும் முகில்கள் காற்றின் திசையில் நாடா நாடாவாகக் கரையை நோக்கி ஓடுகின்றன. ஏரிநீருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் இடையே 13 பாகை வித்தியாசம் இருந்தால் இது வலுப்பெறும் என்பது வானிலையாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நாடாவின் அகலம் சில கிலோமீற்றர் மட்டுமே என்பதால்தான் ஒரு தெரு நனைய, அடுத்தது காய்கிறது. உங்கள் ஊர் ஏரிக்குத் தெற்கே இருப்பதால், ஏரியைக் கடந்துவரும் வடக்கு, வடமேற்குக் காற்றுக்கு நேரே அகப்படுகிறது.

நீங்கள் கண்ட வால், நீர்ச்சுழல் தூணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வளர்ந்துவரும் முகிலின் அடியில், சூடான நீரின் மேல் உருவாகும் அது ரோர்னேடோவின் வலிமை குறைந்த உறவு. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை இதன் காலம். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் முதல் நாட்களிலுமாக, ஒரே வாரத்தில் 200க்கும் மேற்பட்ட தூண்கள் பேரேரிகளின் மேல் பதிவாயின. கரையிலிருந்து பார்க்க அழகானது. படகில் இருப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து. படம் எடுப்பதற்காகப் படகில் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இதே பொறிமுறை மழைக்குப் பதில் வெண்பனியைக் கொட்டிய ஓர் இரவும் உண்டு. 2006 ஒக்டோபர் 12, 13ஆம் திகதிகளில், ஈரி ஏரியின் நீர் இன்னும் 17 பாகை அளவில் இருந்தபோது, பஃபலோ விமானநிலையத்தில் 57 சென்ரிமீற்றர் கனத்த ஈரப்பனி விழுந்தது. மரங்களில் இலைகள் அப்படியே இருந்தன. அந்த இலைகள் ஏந்திய பனியின் பாரத்தில் கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழ, இலட்சக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தனை முந்திய பனி அரிது. ஆனாலும் வீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்த கிளை இருந்தால், இலை உதிரும் வரை காத்திராமல் இப்போதே வெட்டுவியுங்கள்.

கேள்வி: செப்டெம்பரில் ஏரிநீர் சூடு என்கிறீர்கள். சென்ற வருடம் லேபர் டே வார இறுதியில் பிள்ளைகளோடு குளிக்கப் போனோம். முதல் நாள் இதமாக இருந்தது, மறுநாள் கால் விறைத்துவிட்டது. வெயிலும் எறித்தது! (பிக்கரிங் வாசகர்)

பதில்: மேற்குக் காற்று பலமாக வீசியிருக்கும். பூமியின் சுழற்சியால் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக ஒதுக்கப்படுகிறது. வடகரையில் வலப்பக்கம் என்றால் தெற்கு, அதாவது நடு ஏரி. சூடான மேல்நீர் விலகியதும் அடியிலுள்ள குளிர்நீர் கரையோரம் மேலெழுகிறது. ஒரே நாளில் பத்துப் பாகைக்கு மேல் இறங்குவதும் உண்டு. அந்த அடிநீர் எவ்வளவு குளிர்ந்தது என்பதற்கு ஒரு சான்று: 2004 முதல், 83 மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கும் 4 பாகை நீரைக் கொண்டே ரொறன்ரோ நகரமையத்தின் பெருங்கட்டடங்கள் பல கோடையில் குளிரூட்டப்படுகின்றன. வெயிலை நம்பிப் பிள்ளைகளை இறக்காமல், முதலில் நீங்கள் முழங்கால் வரை இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: சூறாவளிகள் புளோரிடாவோடு நின்றுவிடும் என்கிறார் நண்பர். சரியா? (எற்றோபிக்கோ வாசகர்)

பதில்: சரியன்று, நீங்கள் வாழும் எற்றோபிக்கோவே அதற்குச் சாட்சி. 1954 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு, ஹேசல் சூறாவளியின் எச்சம் ஒரு குளிர்முகப்புடன், அதாவது முன்னேறிவரும் குளிர்காற்றின் முன்விளிம்புடன், இணைந்து இங்கு வந்தது. முந்திய நாட்களின் மழையால் நிலம் ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருந்தது. அதன்மேல் சில இடங்களில் 200 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுந்தது. ஹம்பர் ஆறு பெருகி ரேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்ராறியோவில் மாண்டவர்கள் மொத்தம் 81 பேர். அதன் பின்னரே ஆற்றுப் படுகையில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. அந்தத் தெரு இருந்த இடம் இன்று ரேமோர் பூங்கா. ஞாயிறு மாலைகளில் நாம் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போகும் ஆற்றோரப் பூங்காக்களில் பல, அந்த இரவுக்குப் பின் வீடுகளுக்கு மறுக்கப்பட்ட நிலங்கள்தான். செப்டெம்பர், ஒக்டோபரில் தெற்கிலிருந்து புயலின் எச்சம் வருகிறது என்று கேட்டால், காற்றின் வேகத்தைவிட மழையின் அளவையே கவனியுங்கள்; நிலவறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா செப்டெம்பர் கடைசியில் வருகிறார். மேப்பிள் இலைகள் நிறம் மாறுவதைக் காட்ட ஆசை. எங்கே, எப்போது? (ஏஜாக்ஸ் வாசகி)

பதில்: வந்த முதல் வாரத்திலேயே வடக்கே கூட்டிப்போங்கள். அல்கொன்குவின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள்கள் செப்டெம்பர் கடைசிக்கும் ஒக்டோபர் முதல் வாரத்துக்கும் இடையே உச்சம் கொள்ளும். உங்கள் கரையோரத்தில் ஏரியின் இதத்தால் அது ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் பின்னுக்கும் தள்ளிப்போகும்; ஆகவே அம்மாவுக்கு இரண்டு தடவை காட்டலாம். வெயில் பகலும், உறையாத குளிர் இரவும் தொடர்ந்தால் சிவப்பு ஆழமாகும். பகலில் 17, 18 பாகை என்றாலும் அதிகாலை அங்கே பூச்சியத்தை நெருங்கும் என்பதால், சேலைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையும் காதை மூடும் துணியும் காலுறையும் கட்டாயம் வேண்டும். புறப்படும் முன் காற்று முன்னறிவிப்பையும் பாருங்கள். பலமான மேற்குக் காற்று ஒரு நாள் வீசினாலே பாதி இலை நிலத்தில் கிடக்கும்.